புக்கரெஸ்டில் கம்யூனிச காலச் சுவடுகளைத் தேடி ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில், கம்யூனிச ஆட்சி விட்டுச்சென்ற கட்டடங்களையும் சதுக்கங்களையும் வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் சுற்றுகள் பல நடக்கின்றன. ஒரு கோடையிலும் ஒரு டிசம்பரிலுமாக நான் இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த நகரத்தில் நிற்பதைப் பார்ப்பது எளிது. நின்றிருந்து இல்லாமல் போனதையும் கேட்டுக் கேட்டுப் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

ஐரோப்பாவில் எத்தனையோ நகரங்கள் இருக்க, ஏன் புக்கரெஸ்ட்?

பெர்லினில் சுவரின் மிச்சம் இருக்கிறது. புடாபெஸ்டில் அகற்றிய சிலைகளை நகரின் ஓரத்தில் ஒரு பூங்காவில் சேர்த்து, 1993இல் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு மதியத்தில் பார்த்து முடித்துவிடலாம். புக்கரெஸ்டில் அந்தக் காலத்தை அப்படி ஒரு மூலையில் ஒதுக்கிவைக்க வழியில்லை. நகரத்தின் நடுப்பகுதியையே இடித்து, அதன்மேல் புதிய நகரத்தை எழுப்பினார்கள். மக்கள் இன்றும் அதற்குள்தான் வசிக்கிறார்கள், பேருந்து ஏறுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள்.

காலக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 டிசம்பர் 30 அன்று அரசர் மிஹாய் முடிதுறக்க வைக்கப்பட்டார். 1965 வரை கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கியோர்கியு தேஜ் ஆண்டார். அவர் இறந்தபின் நிக்கோலாய் சௌஷெஸ்கு வந்தார். 1989 டிசம்பர் 22 வரை அவர் ஆட்சி. ஆக மொத்தம் நாற்பத்திரண்டு ஆண்டுகள். நீங்கள் பார்க்கப்போகும் பெரும்பாலானவை சௌஷெஸ்குவின் கடைசிப் பத்து ஆண்டுகளில் கட்டப்பட்டவை, அல்லது இடிக்கப்பட்டவை.

நடையை எங்கே தொடங்குவது நல்லது?

புரட்சிச் சதுக்கத்தில். பெரும்பாலான வழிகாட்டிகள் ஒன்றியச் சதுக்கத்தில் ஆள் சேர்த்து அங்கிருந்தே நடக்கத் தொடங்குவார்கள். உங்களால் முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் புரட்சிச் சதுக்கத்துக்குத் தனியாகப் போய், கட்சியின் மத்தியக் குழு இருந்த கட்டடத்துக்கு எதிரே நின்று, அதன் பால்கனியைப் பாருங்கள். இன்று அது உள்துறை அமைச்சகம். பால்கனி உயரமானதல்ல; கீழே நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியும் உயரம்தான்.

இந்தப் பால்கனியில் ஒரே மனிதர் இரண்டு முறை பேசினார். முதல் பேச்சு 1968 ஆகஸ்ட் 21 அன்று. முந்தைய இரவு சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்திருந்தன. ருமேனியா படை அனுப்ப மறுத்தது. சௌஷெஸ்கு இங்கே நின்று அந்தப் படையெடுப்பைக் கண்டித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது, அந்த ஆர்ப்பரிப்பு உண்மையானது. யாரும் கட்டாயப்படுத்திக் கைதட்ட வைக்கவில்லை. அன்று நம்பிக்கையோடு கட்சியில் சேர்ந்த எழுத்தாளர்கள்கூட உண்டு. மேற்கு நாடுகளும் அவரைத் தலையில் தூக்கிவைத்தன. அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் நிக்சன் புக்கரெஸ்டுக்கு வந்தார்.

இரண்டாம் பேச்சு 1989 டிசம்பர் 21. மேற்கே திமிஷோரா நகரில் சில நாட்களாக மக்கள் சுடப்பட்டு இறந்துகொண்டிருந்தார்கள். தன் பக்கம் மக்கள் இருப்பதாகக் காட்ட, தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களை இந்தச் சதுக்கத்துக்கு அழைத்துவந்தார்கள். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. பேச்சின் நடுவே கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் கையை உயர்த்தியபடி திகைத்து நின்றார். பிறகு குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டுவதாக அறிவித்தார். ஒளிபரப்பு இடையில் துண்டிக்கப்பட்டது. நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. மறுநாள் நண்பகலுக்குப் பிறகு இதே கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். டிசம்பர் 25 அன்று, தர்கோவிஷ்டே நகரத்துப் படைமுகாமில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்த விசாரணைக்குப் பின் அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இருபத்தோர் ஆண்டுகள், ஒரே பால்கனி. முதல் பேச்சைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்லும் வழிகாட்டி உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் தருகிறார். முதல் பேச்சைக் கேட்ட மக்கள் ஏன் அவரை நம்பினார்கள் என்று புரிந்தால்தான், இருபத்தோர் ஆண்டுகளில் அவர்கள் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

அந்தச் சதுக்கத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

மத்தியப் பல்கலைக்கழக நூலகம். டிசம்பர் 22 இரவு நடந்த துப்பாக்கிச் சண்டையில் தீப்பிடித்து, ஏறத்தாழ ஐந்து லட்சம் நூல்கள் எரிந்துபோயின. கட்டடத்தைச் சீரமைத்து 2001இல் முழுமையாகத் திறந்தார்கள். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நூலகம் எரிவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் 1981இல் பார்த்தவர்கள் நாம். அந்தச் சுவருக்கு முன்னால் நான் எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் நின்றேன்.

சற்றுத் தள்ளி, இடிந்த பழைய மாளிகையின் செங்கல் சுவர்களுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்து நிற்கும். ரகசியப் போலீஸான செக்யூரிடாட்டேயின் ஒரு பிரிவு இருந்த மாளிகை அது. 1989 சண்டையில் எரிந்தது. அதை இடிக்காமல், கரிந்த சுவர்களை அப்படியே நிறுத்தி, உள்ளே புதுக் கட்டடம் எழுப்பிக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் குடியேறியது. பலருக்கு அது அழகாகத் தெரிவதில்லை. எனக்கு இந்த நகரத்திலேயே நேர்மையான கட்டடம் அதுதான் என்று தோன்றுகிறது. காயத்தை மூடாமல் அதோடு வாழ்கிறது.

நடுவில் 25 மீட்டர் உயர வெள்ளைத் தூண் ஒன்று, உச்சியருகே கம்பிக்கூடு ஒன்றைத் தாங்கி நிற்கிறது. 2005இல் வைத்த மறுபிறப்பு நினைவுச்சின்னம். குச்சியில் குத்திய உருளைக்கிழங்கு என்று ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தூணைவிட அருகில் உள்ள பெயர்ச் சுவர் முக்கியம். இறந்தவர்களின் பெயர்களை நின்று படியுங்கள்.

டிசம்பர் 22க்குப் பிறகும் துப்பாக்கிச் சூடு நடந்ததா? யார் சுட்டார்கள்?

நடந்தது. அந்தப் புரட்சியில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சௌஷெஸ்கு ஓடிய பிறகு இறந்தவர்கள். யார், யாருடைய கட்டளையில் சுட்டார்கள் என்பது ருமேனியாவில் இன்றும் வழக்காகவும் வாக்குவாதமாகவும் நீள்கிறது. இந்த இடத்தில் ஒரே கதையை அடித்துச் சொல்லும் வழிகாட்டியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். எங்களை அழைத்துச் சென்றவர் மூன்று விதமான விளக்கங்களைச் சொல்லி, தனக்கு எது ஏன் நம்பத்தகுந்ததாகப் படுகிறது என்றும் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு அது அடையாளம்.

வழிகாட்டி கட்டாயமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தச் சுற்றுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆலயத்தை நீங்களாகக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். கட்டணம் இல்லாமல் தொடங்கி முடிவில் விருப்பப்பட்டதைக் கொடுக்கும் சுற்றுகள், சிறு குழுவுக்கான கட்டணச் சுற்றுகள், பழைய டாசியா காரில் ஏற்றிச் செல்லும் சுற்றுகள் என்று பல வகை. காரில் போவது குதூகலமாக இருக்கும். ஆனால் நடந்தால்தான் ஒன்றியப் பெருந்தெரு என்ற அந்த அகலத் தெருவின் நீளம் கால்களுக்குத் தெரியும். ஆறேழு பேருக்கு மேல் இல்லாத குழுவாகப் பாருங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

வயதான வழிகாட்டி தான் வாழ்ந்ததைச் சொல்வார். இளையவர் வீட்டில் கேட்டதையும் படித்ததையும் சொல்வார். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. எதை நினைவிலிருந்து சொல்கிறார், எதை நூலிலிருந்து சொல்கிறார் என்று மரியாதையோடு கேளுங்கள். அவர்கள் அதை விரும்பத்தான் செய்கிறார்கள்.

எல்லாரும் சொல்லும் அந்தப் பிரம்மாண்ட அரண்மனை எப்படிப்பட்டது?

பாராளுமன்ற அரண்மனை. கட்டியபோது அதற்குக் குடியரசு மாளிகை என்று பெயர். மக்கள் இன்றும் மக்கள் மாளிகை என்கிறார்கள். அகலம் 270 மீட்டர், உயரம் 84 மீட்டர், தளங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3,65,000 சதுர மீட்டர், அறைகள் ஆயிரத்துக்கும் மேல். உலகின் மிகக் கனமான கட்டடம் என்ற கின்னஸ் பதிவும் அதற்கு உண்டு. தலைமைக் கட்டடக் கலைஞர் அங்கா பெட்ரெஸ்கு. அந்தப் பொறுப்பு கைக்கு வந்தபோது அவர் இளம் வயதுக்காரர்.

இதன் விதை இரண்டு இடங்களில் இருக்கிறது. 1971இல் சௌஷெஸ்கு சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் போனார். பியோங்யாங்கின் அகலத் தெருக்களும், ஒரே தலைவரை நோக்கி அணிவகுக்கும் கூட்டமும் அவரை ஆட்கொண்டன. பிறகு 1977 மார்ச் 4 இரவு பெரும் நிலநடுக்கம் வந்தது. நாடு முழுதும் 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் புக்கரெஸ்டில். நகரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதற்கு அது காரணமாகக் கிடைத்தது. நிலநடுக்கத்தில் விழாமல் நின்ற வீடுகளும் அந்தக் காரணத்தின் பெயரால் பின்னர் இடிக்கப்பட்டன.

1984 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். பல்லாயிரம் தொழிலாளர்களும் ராணுவ வீரர்களும் இரவு பகலாக, மாற்றி மாற்றி வேலை செய்தார்கள். பளிங்கும் மரமும் படிகமும் கம்பளமும் அநேகமாக எல்லாமே உள்நாட்டுச் சரக்கு. உள்ளே நடக்கும்போது கைவினைஞர்களின் திறமையைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது, வியப்பதில் தவறும் இல்லை. மரத்தைச் செதுக்கியவரும் கம்பளத்தை நெய்தவரும் தங்கள் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறார்கள். அதே ஆண்டுகளில் அவர்கள் வீட்டில் இறைச்சிக்கும் பாலுக்கும் வரிசை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டச் சொன்னவர் இதில் ஒரு நாளும் ஆட்சி நடத்தவில்லை. 1989இல் கட்டடம் முடிந்திருக்கவில்லை. இடிக்கலாமா என்று பேச்சு எழுந்து, இடிப்பதைவிட முடிப்பதே மேல் என்றாயிற்று. இப்போது பாராளுமன்றத்தின் இரு அவைகளும் அங்கே இருக்கின்றன. ஒரு பக்கத்தில் 2004 முதல் தற்காலக் கலை அருங்காட்சியகமும் இருக்கிறது.

அரண்மனைக்குள் போக என்ன தேவை?

முன்பதிவும் அசல் பாஸ்போர்ட்டும். நகல் செல்லாது. விமான நிலையம் போலப் பரிசோதனை உண்டு. உள்ளே அவர்களுடைய வழிகாட்டியோடுதான் நடக்கலாம். காட்டுவது மொத்தத்தில் மிகச் சிறு பகுதி. பாராளுமன்றத்தில் முக்கிய நிகழ்ச்சி இருந்தால் பார்வை நேரம் மாறும். நகரச் சுற்றும் அரண்மனை உள்பார்வையும் வெவ்வேறு டிக்கெட் என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்பதில்லை.

அங்கே ஒரு குன்று இருந்தது. ஊரானுஸ் என்ற குடியிருப்பு அதன்மேல் இருந்தது. வளைந்த கற்பாதைகள், தோட்டம் வைத்த வீடுகள், திராட்சைப் பந்தல்கள், ஆலயங்கள், மடங்கள். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். சிலருக்குக் காலி செய்யச் சில நாட்கள் அவகாசம்தான் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிரான்கோவெனெஸ்க் மருத்துவமனையும் போயிற்று. தோட்டம் வைத்த வீட்டிலிருந்து எட்டாம் மாடிக்குப் போன குடும்பங்களால் தங்கள் நாய்களைக் கூட்டிப்போக முடியவில்லை. பின்னாளில் புக்கரெஸ்ட் தெருநாய்களுக்குப் பேர்போன ஊரானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

அரண்மனைக்கு எதிரே ஓடும் மூன்றரைக் கிலோமீட்டர் நீளத் தெருவுக்கு முதலில் வைத்த பெயர் சோசலிச வெற்றிப் பெருந்தெரு. இப்போது ஒன்றியப் பெருந்தெரு. நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது, காலுக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பழைய தெரு வரைபடத்தைக் கையோடு கொண்டுவரும் வழிகாட்டிகள் உண்டு. அப்படி ஒருவர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

ஆலயங்களைத் தண்டவாளத்தில் வைத்து நகர்த்தினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். என் மனத்தில் ஆழமாகப் பதிந்ததும் அதுதான்.

இடிப்புப் பட்டியலில் பல ஆலயங்கள் இருந்தன. எவ்ஜெனியு யோர்தாகெஸ்கு என்ற கட்டடப் பொறியாளர், இடிப்பதற்குப் பதிலாக நகர்த்தலாம் என்று ஒரு வழியை முன்வைத்தார். ஆலயத்தின் அடித்தளத்தைச் சுற்றித் தோண்டி, கீழே கான்கிரீட் தட்டு ஒன்றை வார்ப்பது. சுவர்களை அடித்தளத்திலிருந்து அறுத்து அந்தத் தட்டின்மேல் உட்காரவைப்பது. பிறகு தட்டைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றி, நீரியல் ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாகத் தள்ளுவது. ஒரு தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்து எடுத்துப் போவது போலத்தான். ஆனால் கோப்பை பல நூறு டன், அதன் உள்சுவர்களில் நூற்றாண்டுப் பழைய ஓவியங்கள்.

1982இல் முதலாவதாக ஷிட்டுல் மைச்சிலோர் ஆலயம் 245 மீட்டர் நகர்ந்தது. 1985இல் மிஹாய் வோடா ஆலயம், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வீர மிஹாய் என்ற இளவரசர் கட்டியது, 289 மீட்டர் நகர்ந்தது. குன்றின்மேல் நின்ற ஆலயம் இப்போது தாழ்வான இடத்தில், நாலாபுறமும் அடுக்குமாடி சூழ நிற்கிறது. அதன் மடத்துக் கட்டடங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. ஆலயமும் மணிக்கூண்டும் மட்டும் தப்பின. இப்படி ஏறத்தாழ ஒரு டஜன் ஆலயங்கள் பிழைத்தன. பின்னர் இதே முறையில் ஆல்பா யூலியா நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே இரண்டாகப் பிளந்து நகர்த்தினார்கள்.

காப்பாற்றப்பட்டவை அவ்வளவுதான். புக்கரெஸ்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் இடிந்தன. 1987 ஜூனில் புனித வெள்ளி ஆலயம் போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் வக்கரெஷ்டி மடாலயத்தையும் தகர்த்தார்கள். நகர்ந்த ஆலயங்களும் நகர்ந்த இடத்தில் நிம்மதியாக இல்லை. தெருவிலிருந்து தெரியாதபடி முன்னால் பத்து மாடிக் கட்டடங்களைச் சுவர்போல எழுப்பினார்கள். ஒரு வளைவு வழியாக உள்முற்றத்துக்குள் நுழைகிறீர்கள். துணி உலர்கிறது, கார்கள் நிற்கின்றன, நடுவில் ஓர் ஆலயம். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

யோர்தாகெஸ்கு 2019இல் காலமானார். அதிகாரத்தை எதிர்த்துக் கோஷம் போட்டவரல்ல அவர். அந்த அமைப்புக்குள் வேலை பார்த்த அரசுப் பொறியாளர். தனக்குத் தெரிந்த தொழிலை வைத்து எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் காப்பாற்றினார். ஆயினும் அவர் பெயரைச் சொல்லாத வழிகாட்டிகளும் உண்டு. நீங்களே கேளுங்கள்.

லெனின் சிலை, கட்சிச் சின்னங்கள் எல்லாம் எங்கே போயின?

நகரின் வடக்கே பத்திரிகை மாளிகை இருக்கிறது. 1950களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் கட்டியது. கட்சி நாளிதழின் பெயரால் அன்று அது ஸ்கன்தேயா மாளிகை. அதன் முன்னால் 1960இல் நிறுவிய லெனின் சிலையை 1990 மார்ச்சில் கிரேன் வைத்து இறக்கினார்கள். பிறகு அது பல ஆண்டுகள் நகருக்கு வெளியே மொகொஷோயா மாளிகையின் பின்புறத்தில் தரையில் கிடந்தது. அது நின்ற இடத்தில் இன்று எஃகுச் சிறகுகளாலான உயரமான நினைவுச்சின்னம். கம்யூனிச ஆட்சியை எதிர்த்தவர்களுக்காக 2016இல் வைத்தது. மாளிகையின் சுவரை உற்றுப் பார்த்தால் அரிவாளும் சுத்தியலும் இன்னும் தென்படும்.

தெற்கே கரோல் பூங்காவில் சிவப்புக் கிரானைட் வளைவுகள் ஐந்து, 48 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். 1963இல் கட்சித் தலைவர்களுக்காகக் கட்டிய கல்லறை மண்டபம். தேஜ் அங்கேதான் புதைக்கப்பட்டார். 1991இல் உடல்களை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு, 1958இல் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த பெயர் தெரியாத படைவீரர் கல்லறை பூங்காவுக்குத் திரும்பி வந்தது. சுற்றுகள் பெரும்பாலும் இங்கே வருவதில்லை. மாலையில் தனியாகப் போங்கள். நகரவாசிகள் குழந்தைகளோடு உலாவும் அருமையான பூங்கா.

சாதாரண மக்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அதைக் காட்டும் இடம் உண்டா?

நினைவுச்சின்னம் எதுவும் இதைக் காட்டாது. வழிகாட்டியின் வாய்தான் காட்ட வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ருமேனியாவின் வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர். அதை ஒரு காசு பாக்கியின்றி அடைத்தே தீர்வது என்று சௌஷெஸ்கு முடிவெடுத்தார். விளைந்த உணவெல்லாம் ஏற்றுமதிக்குப் போயிற்று. ரொட்டி, எண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாவற்றுக்கும் ரேஷன். விடியும் முன் கடை வாசலில் வரிசை. வரிசையைக் கண்டால் என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே கடைசியில் போய் நின்றுகொள்வார்கள். குளிர்காலத்தில் வீட்டில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மின்சாரம் திடீரென்று போகும். தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணி நேரம். அதிலும் பாதி நேரம் தலைவர்தான். புக்கரெஸ்ட்வாசிகள் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பிப் பல்கேரியத் தொலைக்காட்சி பார்த்தார்கள். 1983 முதல், வீட்டில் தட்டச்சுப் பொறி வைத்திருந்தால் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். 1989 ஏப்ரலில் கடன் தீர்ந்தது என்று அறிவித்தார்கள். வரிசைகள் தீரவில்லை.

பெரிய குவிமாடத்தோடு உணவு வளாகங்கள் சிலவற்றைக் கட்டத் தொடங்கினார்கள். மக்கள் அவற்றைப் பசி சர்க்கஸ் என்றார்கள். அரைகுறையாக நின்ற அவற்றில் சில பிறகு வணிக வளாகங்களாயின. வழியில் ஒன்று வந்தால் காட்டச் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966இல் வந்த 770ஆம் எண் ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கவில்லை. 1966இல் சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்பு எண்ணிக்கை அடுத்த ஆண்டு சுமார் 5,28,000 ஆனது. பிறகு ரகசியமாகக் கலைக்க முயன்று ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் இறந்தார்கள். 1989 டிசம்பர் 26 அன்று, ஆட்சி விழுந்த சில நாட்களிலேயே, புதிய அரசு அந்த ஆணையை நீக்கியது. எதை முதலில் நீக்கினார்கள் என்பதே அது எவ்வளவு வலித்தது என்பதற்குச் சாட்சி. ஆணைக்குப் பிறகு பிறந்த அந்தக் குழந்தைகளுக்கு 1989 டிசம்பரில் இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகச் சதுக்கத்தில் தடுப்பரண் கட்டி நின்றவர்களில் அவர்கள் ஏராளம். இத்தனையையும் சொல்ல நகரத்தில் ஒரு பெரிய சின்னம் இல்லாதது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

அந்தக் காலத்தில் நல்லது எதுவுமே நடக்கவில்லையா? இடதுசாரிக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இந்தச் சுற்று வருத்தம் தருமா?

வருத்தம் தரும். அதற்காகத் தவிர்க்காதீர்கள். எழுத்தறிவு பரவியது, கிராமங்களுக்கு மின்சாரம் போனது, லட்சக்கணக்கானோருக்குக் குழாய்த் தண்ணீரோடு வீடு கிடைத்தது. 1979இல் திறந்த மெட்ரோவில்தான் நீங்களும் பயணம் செய்யப்போகிறீர்கள். வேலை நிச்சயமாக இருந்த அந்த நாட்களை ஏக்கத்தோடு பேசும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைக்க வேண்டாம். 1989க்குப் பிறகு ஆலைகள் மூடியபோது அவர்கள் இழந்ததும் உண்மை.

ஆனால் சமத்துவத்தை நேசிக்கிறவர்கள்தான் இங்கே அதிகம் கோபப்பட வேண்டும் என்பது என் எண்ணம். உழைப்பவர்களின் பெயரால் ஆண்டவர்கள், உழைப்பவர்களைக் குளிரில் நிறுத்திவிட்டுத் தங்களுக்கு மாளிகை கட்டினார்கள். நகரின் வடக்கே இருக்கும் சௌஷெஸ்குவின் வீட்டை, வசந்த மாளிகையை, 2016இல் பார்வைக்குத் திறந்தார்கள். உள்நீச்சல் குளத்தின் மொசைக் சுவரையும் தங்க நிறக் குளியலறையையும் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

மெட்ரோவில் கவனிக்க ஏதாவது உண்டா?

பியாட்ஸா ரோமானா நிலையத்தில் இறங்குங்கள். நடைமேடை ஒரு ஆள் அகலம்தான். மாணவர்கள் நடக்கட்டும் என்று எலெனா சௌஷெஸ்கு அங்கே நிலையம் வேண்டாமென்றார், பொறியாளர்கள் ரகசியமாக இடம் விட்டுக் கட்டினார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. ரயில் வரும்போது சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.

உள்ளூர் மக்களிடம் இதைப் பற்றிப் பேசலாமா? படம் எடுக்கலாமா?

பேசலாம், ஆனால் நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்கள் குடும்பத்தில் சிறை சென்றவரும் இருக்கலாம், செக்யூரிடாட்டேவுக்குத் தகவல் கொடுத்தவரும் இருக்கலாம். சில வீடுகளில் இருவருமே ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். செக்யூரிடாட்டே தங்களைப் பற்றி வைத்திருந்த கோப்புகளை அவரவர் திறந்து படிக்க 1999இல் சட்டம் வந்தது. படித்துவிட்டு உறவை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. படிக்கவே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு.

சதுக்கங்களில் படம் எடுக்கத் தடையில்லை. கென்சியா கல்லறைத் தோட்டத்தில் சௌஷெஸ்கு தம்பதியின் கல்லறைக்குப் போகிறவர்கள் மட்டும் அமைதி காக்க வேண்டும். இன்றும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே மற்றவர்களின் தாய் தந்தையர் உறங்குகிறார்கள்.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் மூன்று மணி நேர நடையும் பேச்சும் சலிப்பூட்டும். நகர்ந்த ஆலயத்தின் கதை மட்டும் எந்த வயதுப் பிள்ளையையும் நிற்க வைத்துவிடும்.

எப்போது போகலாம்? விசா, சாப்பாடு?

மே, செப்டம்பர் மாதங்கள் நடைக்கு இதமானவை. ஜூலையில் 35 டிகிரிக்கு மேல் போகும். அந்த அகலத் தெருவில் நிழல் போதாது. டிசம்பர் 21, 22 தேதிகளில் பல்கலைக்கழகச் சதுக்கத்துச் சிலுவைகளின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். குளிரைத் தாங்க முடியுமென்றால் அந்த நாட்களையே சிபாரிசு செய்வேன். ருமேனியா இப்போது ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். நாணயம் லெய்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். அங்குள்ள கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல வாரங்கள் இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விலக்கி நோன்பிருப்பவர்கள். உணவகத்தில் 'தே போஸ்ட்' என்று கேட்டால் நோன்பு உணவு வரும். மசித்த அவரை விதையும், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்து வதக்கிய சக்குஸ்காவும் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

என்னிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

காலை எட்டரைக்குப் புரட்சிச் சதுக்கம், பால்கனி, பெயர்ச் சுவர். அங்கிருந்து பத்து நிமிட நடையில் பல்கலைக்கழகச் சதுக்கம். பத்தரைக்கு வழிகாட்டியோடு ஒன்றியச் சதுக்கத்தில் சேர்ந்து பெருந்தெரு வழியாக நடை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு அரண்மனை உள்பார்வை. வெளியே வரும்போது நான்கு ஆகியிருக்கும். வடக்கே பத்திரிகை மாளிகைக்கு ஓட வேண்டாம். அது இன்னொரு முறைக்கு இருக்கட்டும். அரண்மனையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கி, அடுக்குமாடிகளுக்கு இடையே சப்பியென்ட்ஸெய் தெருவில் மிஹாய் வோடா ஆலயத்தைத் தேடிப் போங்கள். மாலை வழிபாடு நடந்துகொண்டிருந்தால் உள்ளே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வழிபடுவார்கள். பின்பக்கம் சுவரோரமாக நில்லுங்கள். 289 மீட்டர் பயணம் செய்து வந்த சுவர் அது.